பெயர் போன படங்கள்

பழைய ஆல்பத்துக்குக் கரையானும் ஈரமும் எதிரிகள். கம்ப்யூட்டரில் இருக்கும் ஆல்பத்தின் எதிரி நண்பன் வேடத்தில் வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திரையின் மூலையில் சின்னதாக ஒரு பெட்டி: போட்டோ சாஃப்ட்வேரின் புதிய பதிப்பு தயார், இப்போதே மாற்றிக்கொள்ளலாமா? 'சரி' என்ற பொத்தானை அழுத்தாதவர்கள் குறைவு. கோடு ஒன்று எறும்பு வேகத்தில் ஊர்கிறது. மாலைக்குள் வேலை முடிந்துவிடுகிறது. எண்ணிப் பார்த்தால் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. 12,000 என்றால் 12,000. ஆனால் அக்கா கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டி முடிந்தபிறகு மாப்பிள்ளை காசி யாத்திரை கிளம்புகிறார். பாட்டியின் முகத்துக்குக் கீழே இருந்த பெயரைக் காணோம். 1962-ல் ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படம் 2008-ல் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஹார்ட் டிஸ்க் எரிந்துபோனால் வீடே கூடி அழும். இந்த இழப்பு அப்படிச் சத்தம் போடுவதில்லை. பல மாதங்கள் கழித்து எதையோ தேடும்போதுதான் தெரியவருகிறது. அதற்குள் பழைய பதிப்பும் போயிருக்கும், அது எப்படி இருந்தது என்ற ஞாபகமும் மங்கியிருக்கும்.

இந்த சாஃப்ட்வேர்கள் தங்கள் சேமிப்பை 'லைப்ரரி' என்று அழைப்பது பொருத்தம்தான். நூலகத்தில் புத்தகங்கள் அலமாரியில் இருக்கும். எந்தப் புத்தகம் எங்கே, யார் எழுதியது, எந்தத் துறை என்ற விவரம் தனியாக ஒரு மேஜையில், அட்டைகள் அடுக்கிய இழுப்பறையில் இருக்கும். கம்ப்யூட்டரிலும் அதே ஏற்பாடு. கேமரா எடுத்த படம் ஒரு ஃபைல். அந்தப் படம் எந்த ஆல்பத்தில், எத்தனையாவது, அதில் இருப்பவர் யார், அதற்கு எத்தனை நட்சத்திரம், எந்த ஓரத்தை வெட்டியிருக்கிறது என்பதெல்லாம் பெரும்பாலும் வேறொரு ஃபைலில். திரையில் இரண்டும் சேர்ந்தே தெரிவதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். புதிய பதிப்பு அலமாரியில் கை வைப்பதில்லை. இழுப்பறையை உருவி எடுத்து, ஒவ்வொரு அட்டையையும் தன் வழக்கப்படி புதிதாக எழுதுகிறது. பழைய அட்டையில் இருந்த ஒரு விவரத்துக்குப் புதிய அட்டையில் கட்டம் இல்லையென்றால் அதை விட்டுவிடுகிறது, சொல்லாமல்கூட. புதிதாக எழுதிய அட்டையைப் பழைய பதிப்பு படிக்காது. போவதற்கு மட்டும் டிக்கெட், திரும்பி வர ரயில் கிடையாது.

ஆப்பிள் நிறுவனத்தின் கதையில் இதெல்லாம் வரிசையாக நடந்தது. வீட்டு உபயோகத்துக்கான அதன் ஐபோட்டோ 2002 ஜனவரியில் வந்தது. தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கான அபெர்ச்சர் 2005-ல் 499 டாலர் விலையில் அறிமுகமானது. ஐந்தே ஆண்டுகளில், 2011 ஜனவரியில், அதே அபெர்ச்சரை 79.99 டாலருக்கு விற்றார்கள். விலை இவ்வளவு இறங்கினால் கடைக்காரர் கடையைக் காலி செய்யப்போகிறார் என்று ரங்கநாதன் தெருவில் துணி வாங்குகிறவர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கு அப்போது தோன்றவில்லை.

2010 அக்டோபரில் ஐபோட்டோ '11 வெளிவந்தது. பழைய லைப்ரரியைப் புதியதாக மாற்றும்போது படங்களே காணாமல்போவதாகச் சிலர் புகார் சொன்னார்கள். அந்த மாதம் முடிவதற்குள் 9.0.1 என்ற திருத்தப் பதிப்பு வந்தது. மிக மிக அரிதான சந்தர்ப்பங்களில் தகவல் இழப்பு ஏற்படக்கூடிய கோளாறு சரிசெய்யப்பட்டது என்று அதன் குறிப்பு சொன்னது. பறிகொடுத்த வீட்டில் அரிது என்ற சொல்லுக்கு அர்த்தம் இல்லை.

பெரிய மாற்றம் அதற்குப் பிறகுதான். ஐபோட்டோ, அபெர்ச்சர் இரண்டையும் இனி வளர்க்கப்போவதில்லை என்று 2014 ஜூனில் ஆப்பிள் அறிவித்தது. இரண்டுக்கும் பதிலாக 2015 ஏப்ரலில் 'போட்டோஸ்' என்ற ஒரே சாஃப்ட்வேரைக் கொடுத்தது. கட்டணம் இல்லை, வேகம் அதிகம், பார்க்கவும் அழகு. பழைய வீட்டிலிருந்து சாமான்களை அது கொண்டுவந்து இறக்கிய விதம்தான் விசித்திரம். ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை கொடுத்திருந்த நட்சத்திரங்கள் வெறும் குறிச்சொற்களாக மாறின. முன்பு 'மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும்' என்று கேட்டால் படங்கள் வந்து நிற்கும். இப்போது மூன்று, நான்கு, ஐந்து என்று தனித்தனிச் சொல்லாகத் தேட வேண்டும். 'நிகழ்ச்சிகள்' என்று பிரித்து வைத்திருந்தவை எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் சாதாரண ஆல்பங்களாக அடைக்கப்பட்டன. அபெர்ச்சரில் ஒரு படத்துக்கு ஒருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வெளிச்சமும் நிறமும் திருத்தியிருந்தால், திருத்திய படம் வந்தது, மூலப் படமும் வந்தது. நடுவில் இருந்த படிகள் வரவில்லை. கடைசித் திருத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம் என்றால் முடியாது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அத்தோடு ஒரு கணக்குக் குழப்பம். மாற்றம் முடிந்தபிறகு டிஸ்க்கில் பழைய லைப்ரரியும் இருக்கும், புதிய லைப்ரரியும் இருக்கும். பழையது 80 ஜிபி என்றால் புதியதும் ஏறக்குறைய 80 ஜிபி காட்டும். டிஸ்க்கே 120 ஜிபிதான் என்றால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். உண்மையில் படங்கள் ஒரே ஒரு முறைதான் டிஸ்க்கில் இருக்கின்றன. ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் வைத்து இரண்டிலும் கதவு எண் எழுதியதுபோல, ஒரே ஃபைலுக்கு இரண்டு இடங்களில் பெயர் கொடுத்திருந்தது ஆப்பிள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் இதைப் பயன்படுத்துகிறவருக்கு உரக்கச் சொல்லவில்லை. இடம் மிச்சமாகும் என்று நம்பிப் பழைய லைப்ரரியை அழித்தவருக்கு இடம் கிடைக்கவில்லை. திரும்பிப் போக இருந்த ஒரே வழியும் போனது. அழிக்காமல் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறிமாறித் திறந்தவருக்கு வேறு தொல்லை. ஒன்றில் செய்த மாற்றம் மற்றொன்றில் தெரியாது. 2019 அக்டோபரில் வந்த கேட்டலினா பதிப்பில் ஐபோட்டோவும் அபெர்ச்சரும் திறக்கவே மறுத்தன. அதுவரை 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்தவர்களுக்கும் அன்றோடு அவகாசம் முடிந்தது.

இந்திய வீடுகளில் ஆப்பிள் கம்ப்யூட்டர்கள் குறைவு. இங்கே ஒரு தலைமுறையின் ஆல்பம் என்றால் அது பிகாசா. 2004 ஜூலையில் கூகுள் வாங்கி இலவசமாக வழங்கிய இந்த சாஃப்ட்வேர், அசெம்பிள் செய்த சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் மின்னல்போல் ஓடியது. 2009-ல் வந்த 3.5 பதிப்பு முகங்களை அடையாளம் காணவும் கற்றுக்கொண்டது. மூலப் படத்தை அது தொடுவதே இல்லை என்பது அதன் பெருமை. ஓரத்தை வெட்டினாலும், கண்ணில் விழுந்த சிவப்பை நீக்கினாலும், செய்ததை எல்லாம் அதே ஃபோல்டரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு குறிப்பு ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். பிகாசாவில் பார்க்கும்வரை படம் திருத்தமாக இருக்கும். அதே படத்தைச் சேமித்து எழுதாமல் பென் டிரைவில் போட்டு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனால், வெட்டி எறிந்த சித்தப்பாவின் அரை முகத்தோடு பிரிண்ட் வந்து நிற்கும்.

பெயர்களுக்கும் அதே கதி. எந்த முகம் யாருடையது என்ற பட்டியலையும், ஆல்பங்களின் விவரத்தையும் பிகாசா முக்கியமாக சி டிரைவில் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட ஒரு மூலையில் வைத்திருந்தது. படங்கள் இருப்பது டி டிரைவில். இந்த இடைவெளியில்தான் தெருமுனைக் கம்ப்யூட்டர் மெக்கானிக் உள்ளே வருகிறார். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, வீட்டுக் கம்ப்யூட்டர்கள் கூட்டம் கூட்டமாக இவர் மேஜைக்கு வந்தன. "சி டிரைவை ஃபார்மட் அடிச்சுப் புதுசு போட்டுடலாம் சார். டி டிரைவைத் தொடவே மாட்டேன். உங்க போட்டோவெல்லாம் பத்திரம்." சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். டி டிரைவில் ஒரு படம் குறையவில்லை. சி டிரைவோடு பெயர்கள் போயின. இன்னும் சிலர் புதிய டிஸ்க்குக்கு மாற்றும்போது ஃபோல்டரைத் திறந்து, கண்ணுக்குத் தெரிந்த படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து நகல் எடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத குறிப்பு ஃபைல்கள் பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிட்டன. இதில் யாரைக் குற்றம் சொல்வது? மெக்கானிக்குக்கு அப்படி ஒரு ஃபைல் இருப்பது தெரியாது. வீட்டுக்காரருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் கலிபோர்னியாவில் இருந்தார்கள்.

அவர்களும் 2016 பிப்ரவரி 12-ம் தேதி பிகாசாவை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். மார்ச் நடுவோடு கம்ப்யூட்டரில் ஓடும் சாஃப்ட்வேருக்கு ஆதரவு முடிந்தது. மாற்று ஏற்பாடாகக் கைகாட்டப்பட்டது 2015 மே மாதம் தொடங்கப்பட்ட கூகுள் போட்டோஸ். அது வேறு ஜாதி. வீட்டில் அல்லாமல் கூகுளின் கிடங்கில் இருப்பது. பிகாசாவில் உட்கார்ந்து எழுதிய முகப் பெயர்களை அது வாங்கிக்கொள்ளவில்லை. எல்லா முகங்களையும் மறுபடி முதலிலிருந்து அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருந்தது. படங்களுக்கு வரம்பில்லாத இலவச இடம் என்ற சலுகையும் 2021 ஜூன் 1-ம் தேதியோடு முடிந்தது. அதன்பின் ஏற்றப்படும் படங்கள் மின்னஞ்சலோடு சேர்த்து 15 ஜிபி கணக்கில் வருகின்றன.

'பெயர்தானே, மறுபடி எழுதினால் போகிறது' என்று இருபது வயதுக்காரர் சொல்லலாம். தமிழ்நாட்டுக்கு வெளியே குடியேறிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கட்டும். மாட்டுங்காவோ கரோல்பாகோ ஜாம்ஷெட்பூரோ, ஊர் எதுவாகவும் இருக்கலாம். ரயில்வேயிலோ வங்கியிலோ இருந்த அப்பாவுக்கு நாலு ஊர் மாற்றல். ஒவ்வொரு மாற்றலிலும் பாதிச் சாமான் கைமாறியது. தப்பியது ஒரு தகரப் பெட்டியும் அதற்குள் கறுப்பு வெள்ளைப் படங்களும். பிள்ளைகள் ஒரு கோடை விடுமுறையில் அத்தனையையும் ஸ்கேன் செய்கிறார்கள். எண்பது தாண்டிய அத்தையைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிக் காட்டிக் கேட்கிறார்கள். பள்ளிக்கூட குரூப் போட்டோவுக்குக் கீழே அச்சடிப்பார்களே, 'நிற்பவர்கள் இடமிருந்து வலம், அமர்ந்திருப்பவர்கள் இடமிருந்து வலம்' என்று, அதேபோல் அத்தை சொல்லச் சொல்ல ஒருவர் தட்டச்சு செய்கிறார். மூன்றாவதாக நிற்பவர் கும்பகோணத்துப் பெரியப்பாவின் மைத்துனர். மடியில் இருக்கும் குழந்தை மூன்று வயதில் போய்விட்டது, அதற்கு இருந்த ஒரே படம் இதுதான். இப்படி ஒரு மாதம், தினமும் மாலையில் ஒரு மணி நேரம். இரண்டு வருடத்தில் அத்தை காலமாகிறார். அதற்கு அடுத்த வருடம் புதிய பதிப்பு வருகிறது. மறுபடி எழுதலாம்தான். யாரைக் கேட்டு?

காகிதப் படத்துக்கு இந்த ஆபத்து குறைவு. பின்புறம் பென்சிலால் 'சரோஜா, 1958 தை' என்று எழுதியிருந்தால், படம் இருக்கும்வரை அந்த எழுத்தும் கூடவே இருக்கும். ஆல்பத்தை மாற்றினாலும் பெயர் உதிராது. கம்ப்யூட்டர் படத்துக்கும் இப்படி ஒரு பின்புறம் உண்டு என்பது பலருக்குத் தெரியாத செய்தி. கேமரா மாடல், எடுத்த தேதி, நேரம் ஆகியவற்றைப் படத்துக்குள்ளேயே எழுதும் எக்ஸிஃப் என்ற முறை 1995-ல் ஜப்பானில் வகுக்கப்பட்டது. தலைப்பு, விளக்கம், குறிச்சொல் எழுத, செய்தி நிறுவனங்கள் தங்கள் தேவைக்காக வகுத்த ஐபிடிசி என்ற முறை இருக்கிறது. 2001-ல் அடோபி நிறுவனம் கொண்டுவந்த எக்ஸ்எம்பி இதை இன்னும் விரிவாக்கியது. இங்கே எழுதிய பெயர் படத்தின் கூடவே பயணம் செய்யும். எந்த சாஃப்ட்வேர் போனாலும் அடுத்த சாஃப்ட்வேர் படித்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட்டின் போட்டோ கேலரிக்கு ஆதரவு 2017 ஜனவரியில் நின்றுபோனது. ஆனால் அதில் எழுதிய பெயர்கள் ஜேபெக் படத்துக்குள்ளேயே பதிந்திருந்ததால் இன்றும் மீட்டெடுக்க முடிகிறது. அந்த சாஃப்ட்வேரை அந்தக் காலத்தில் யாரும் பெரிதாகப் பாராட்டவில்லை.

தேதிக் குளறுபடிக்கு வருவோம். புதிய தலைமுறை சாஃப்ட்வேர்களுக்கு எல்லாவற்றையும் காலவரிசையில் அடுக்குவதில் அலாதிப் பிரியம். படத்துக்குள் எடுத்த தேதி எழுதியிருந்தால் சரி. ஸ்கேன் செய்த படத்தில் அது இருக்காது, அல்லது ஸ்கேன் செய்த தேதி இருக்கும். தாத்தாவின் சஷ்டியப்தபூர்த்தி பேரனின் ஸ்கூட்டர் படத்துக்குப் பக்கத்தில் வருவது இதனால்தான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படங்களில் அந்தச் சேவை உள்விவரங்களை உரித்துவிட்டுத்தான் கொடுக்கும். வந்து சேர்ந்த நாளே எடுத்த நாளாகிவிடும். ஐபோட்டோவில் பொறுமையாகத் தேதி திருத்தியவர்களிலும் பலர் ஒரு கட்டத்தில் டிக் போடத் தவறியிருந்தார்கள். மூலப் படத்திலும் திருத்து என்பது அந்தக் கட்டம். அது இல்லாமல் செய்த திருத்தம் அட்டையில் மட்டும்தான், புத்தகத்தில் இல்லை. இன்னொரு வேடிக்கை: எக்ஸிஃப் முறையில் நேரத்தை எழுத இடம் உண்டே தவிர, எந்த நாட்டு நேரம் என்று எழுத 2016 வரை இடமே இல்லை. இந்திய நேரத்தில் ஓடும் கேமராவோடு சான்பிரான்சிஸ்கோ போய்வந்தவர்களின் ஆல்பத்தில் பேரன் மாலை ஏழு மணிக்கு வெட்டிய பிறந்தநாள் கேக் மறுநாள் காலையில் வெட்டப்படும்.

உண்மையான கோளாறு இல்லாமலே வீட்டாரைப் பதறவைக்கும் சங்கதிகளும் உண்டு. பதிப்பு மாற்றியதும் பல படங்கள் சாம்பல் நிறக் கட்டங்களாகவோ மங்கலாகவோ தெரியும். கம்ப்யூட்டரின் விசிறி இரவெல்லாம் உறுமும். சிறு உருவப் படங்களை எல்லாம் புதிதாகத் தயாரிக்கிறது, முகங்களை மறுபடி ஆராய்கிறது, அவ்வளவுதான். பெரிய லைப்ரரிக்கு இது நாட்கணக்கில் ஆகும். மின்சாரம் இணைத்தபடி விட்டுவிட்டால் தானே முடித்துக்கொள்ளும். உறைந்துவிட்டது என்று நினைத்து நடுவில் சுவிட்சை அணைப்பவர்தான் மெய்யான விபத்தை உண்டாக்குகிறார். பாதி பழையதும் பாதி புதியதுமாக அட்டைகள் கலந்துபோகும். மின்வெட்டு உள்ள ஊர்களில் யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதும் அதே ரகம்தான். ஆப்பிளின் போட்டோஸில் இப்படி ஆகிவிட்டால், கமாண்ட், ஆப்ஷன் என்ற இரு விசைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு சாஃப்ட்வேரைத் திறந்தால் பழுதுபார்க்கும் வசதி ஒன்று எட்டிப்பார்க்கும். பல லைப்ரரிகள் அதிலேயே எழுந்து உட்கார்ந்திருக்கின்றன.

ஆச்சரியக்குறி போட்ட படம் வேறு வியாதி. சிலர் படங்களை லைப்ரரிக்குள் சேர்க்காமல் வெளி டிஸ்க்கிலேயே வைத்து, இருக்கும் இடத்தை மட்டும் பதிவு செய்திருப்பார்கள். புதிய கம்ப்யூட்டரில் அந்த டிஸ்க்குக்கு 'இ' என்பதற்குப் பதில் 'எஃப்' என்று எழுத்து மாறினால் போதும், முகவரி தெரியாமல் சாஃப்ட்வேர் விழிக்கும். படம் எங்கும் போகவில்லை. புதிய முகவரியைக் காட்டிக்கொடுத்தால் வந்துவிடும். இதில் பயந்துபோய், கிடைத்த ஃபோல்டரை எல்லாம் மறுபடி உள்ளே ஏற்றுகிறவர்கள் மூலப் படம், திருத்திய படம், சிறு உருவம் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று நகலைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரே மாதிரியான படங்களைக் கண்டுபிடித்து ஒன்றாக்கும் வசதியை ஆப்பிள் கொடுத்தது 2022-ல்தான். அதற்குள் பல வீடுகளில் அரை டிஸ்க் நகல்களால் நிரம்பிவிட்டது.

படங்களே அடியோடு போன சம்பவமும் சமீப வரலாற்றில் உண்டு. 2020 ஆகஸ்டில் ஐபோன், ஐபேடுகளுக்கு அடோபி அனுப்பிய லைட்ரூம் 5.4 பதிப்பை ஏற்றிக்கொண்ட சிலருக்கு, நிறுவனத்தின் கிடங்கில் நகல் ஏறாத படங்களும் தாங்களே உருவாக்கி வைத்திருந்த திருத்த அமைப்புகளும் அழிந்தன. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு 5.4.1 பதிப்பை அனுப்பியது. போன படங்களை அது திருப்பித் தரவில்லை. மன்னிப்புக் கேட்டதே பெரிது என்று சொல்லும் அளவுக்கு இந்தத் தொழில் இருக்கிறது.

அப்படியானால் பழைய பதிப்பையே கட்டிக்கொண்டு அழ வேண்டுமா? அதுவும் நடக்காது. கம்ப்யூட்டர் ஒருநாள் சாகும். புதிய கம்ப்யூட்டர் பழைய சாஃப்ட்வேரை ஏற்காது. ஆக, மாறத்தான் வேண்டும். மாறும் நாளை வீட்டுக்காரர் தேர்ந்தெடுக்கலாம். அந்த நாளுக்கு முன் லைப்ரரி முழுவதையும், படங்களை மட்டுமல்ல, ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, நகல் திறக்கிறதா என்று பார்த்து, ஒயரைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட வேண்டும். இணையக் கிடங்கில் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லக்கூடாது. அது நகல் என்பதைவிட நிழல் என்பதே பொருத்தம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஐகிளவுடில் 30 நாட்களும், கூகுள் போட்டோஸில் நகலெடுத்த படங்களுக்கு 60 நாட்களும் குப்பைக்கூடையில் கிடக்கும், பிறகு இல்லை.

நகல் எடுத்தபின் ஒரு மாலை நேரமாவது பெயர்களைப் படத்துக்குள் இறக்கச் செலவிட வேண்டும். ஆப்பிளின் போட்டோஸில் முகத்துக்குக் கொடுத்த பெயர், படத்தை வெளியே எடுக்கும்போது கூடவே வராது. அதே பெயரைத் தலைப்பிலோ விளக்கத்திலோ குறிச்சொல்லிலோ எழுதினால் வரும். ஏற்றுமதி செய்யும்போது அந்த விவரங்களையும் சேர்க்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டிஜிகேம் என்ற இலவச சாஃப்ட்வேர் விண்டோஸ், ஆப்பிள், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. எழுதுவதைப் படத்துக்குள்ளேயே பதியச் சொல்லலாம். ஆயிரக்கணக்கான படங்களின் தேதியை ஒரே கட்டளையில் திருத்த, 2003-லிருந்து புழங்கும் எக்ஸிஃப்டூல் இருக்கிறது. ஆனால் அதற்குக் கட்டளை வரி எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் வேண்டும். இதெல்லாம் முடியாதவர்கள் ஃபைலின் பெயரையே 'சரோஜா 1958 தை' என்று மாற்றிவிடலாம். படம் எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் அந்தப் பெயரைப் படிக்கத் தனி சாஃப்ட்வேர் வேண்டாம்.

பிகாசா வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கூகுள் கைவிட்டாலும், ஏற்கனவே நிறுவியிருந்த பிகாசா பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் ஓடத்தான் செய்கிறது. கடைசியாக வந்த 3.9 பதிப்பில் 'டூல்ஸ்' என்ற தலைப்பின் கீழ் 'ஆப்ஷன்ஸ்' போனால் 'நேம் டேக்ஸ்' என்று ஒரு பக்கம் வரும். பெயர்களைப் படத்திலேயே சேமி என்ற கட்டம் அங்கே காலியாக இருக்கும். அதில் டிக் போட வேண்டும். ஏற்கனவே எழுதிய பெயர்களுக்கு, அதே 'டூல்ஸ்' பட்டியலில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்பதன் கீழ் முகங்களை எக்ஸ்எம்பியில் எழுதும் கட்டளை இருக்கிறது. அதை அழுத்திவிட்டுக் கம்ப்யூட்டரை ஓடவிட வேண்டும், மெக்கானிக்குக்குப் போன் செய்வதற்கு முன்.